தூ, உஸ்தெத், நீங்கள்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு கல்லூரியில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டுக்கு ஸ்பெயினின் சலமாங்கா நகருக்கு வந்திருக்கிறேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம், பொன்னிறக் கல்லில் எழுந்த கட்டடங்கள், இரவு விளக்கொளியில் பிளாசா மயோர் சதுக்கம் என்று முதல் மாதம் கனவுபோல் போயிற்று. பல்கலைக்கழக முகப்பின் சிற்பக் கூட்டத்தில் ஒரு மண்டையோட்டின் மேல் தவளை உட்கார்ந்திருக்கிறது. அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் மாணவன் தேர்வில் தேறுவான் என்பார்கள். நான் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.

இப்போது சோர்வாக இருக்கிறது. என்னுடன் வீட்டைப் பகிர்ந்துகொள்பவர்கள் டச்சுக்காரர் இருவர், ஜெர்மானியர் ஒருவர். எங்களுக்குள் ஆங்கிலம்தான். புத்தகத்தில் ஸ்பானிஷ் புரிகிறது, வாயில் வரவில்லை. மாமிசம் வேண்டாம் என்றால் மீன் போட்ட சாலடைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். என் பேராசிரியர் ஓர் அம்மையார், அறுபது வயது இருக்கும். தன்னைப் பெயர் சொல்லி, ஒருமையில் 'தூ' என்றே அழைக்கச் சொல்கிறார். எனக்கு நா எழவில்லை. அதனால் அவரிடம் ஆங்கிலத்தில் பேசிவிடுகிறேன். கீழே பழக்கடை வைத்திருக்கும் மூதாட்டியோ முதல் நாளிலிருந்தே என்னைத் 'தூ' என்கிறார், 'ஈஹோ' என்கிறார். மற்றவர்களை 'உஸ்தெத்' என்று மரியாதையாக அழைப்பதைக் கேட்டிருக்கிறேன். என் நிறம்தான் காரணமோ?

ஜூனில் ஸ்பானிஷ் மொழித்திறனுக்கான பி2 நிலைத் தேர்வை எழுதலாமா, அல்லது அப்பா சொல்வதுபோல இதை விட்டுவிட்டு ஜெர்மன் படிப்பது நல்லதா?

ந.

அன்புள்ள ந.,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று காலையில்தான் எங்கள் தெருப் பெட்டிக்கடையில் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்து மனையில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாப் பையன் கடைக்காரரிடம் தமிழில் கடன் சொல்லிக்கொண்டிருந்தான். அவனும் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அவன் பேசிய தமிழில் வேற்றுமை உருபு ஒன்றுகூட இல்லை, வினைமுற்று எதுவும் முற்றவில்லை. ஆனால் கடன் கிடைத்துவிட்டது. அவனுக்குக் கிடைத்தது உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன்.

முதலில் தவளை. அதை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, உங்கள் கைப்பேசி கண்டுபிடித்தது. இல்லையென்று சொல்லாதீர்கள், பத்து நிமிடத்தில் தானாக அதைப் பார்த்தவர் அநேகமாக எவரும் இல்லை. 1900இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரான உனாமுனோ, இவர்கள் தவளையைப் பார்ப்பதில் தவறில்லை, தவளையை மட்டுமே பார்க்கிறார்களே என்று சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். சாலடைப் பற்றி நான் அனுதாபப்படப்போவதில்லை. அங்கே மீன் மாமிசக் கணக்கில் வராது, பல கடைகளில் பன்றித்தொடைச் சீவல்கூட வராது. எது எது வேண்டாமோ அதையெல்லாம் பெயர் சொல்லி மறுக்கப் பழகுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுட்ட அடை எந்தக் கடையிலும் கிடைக்கும். அப்பாவின் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

'தூ' விஷயத்தில்தான் நீங்கள் என்னிடம் மாட்டிக்கொண்டீர்கள்.

தமிழன் காதில் 'தூ' என்பது காறித் துப்பும் ஓசை. அறுபது வயது அம்மையாரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல நா எழவில்லை என்றதும் சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்த வரியில் சிரிப்பு போய்விட்டது. "அதனால் அவரிடம் ஆங்கிலத்தில் பேசிவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அவரை என்னவென்று அழைக்கிறீர்கள்? அதில் எல்லாருக்கும் ஒரே சொல்தானே? பேராசிரியருக்கும் அதுதான், பூனைக்கும் அதுதான். அங்கே கெடாத மரியாதை ஸ்பானிஷில் மட்டும் எப்படிக் கெடுகிறது? உங்கள் வாயை அடைத்து வைத்திருப்பது கூச்சம். அதற்கு மரியாதை என்ற சட்டையைப் போட்டுவிட்டு, நம் பண்பாடு என்று என்னிடம் காட்டுகிறாய்.

ஆம், 'காட்டுகிறாய்'. கோபத்தில் விழுந்துவிட்டது. இனி இந்தக் கடிதம் முடியும்வரை 'நீ'தான்.

தம்பி, உஸ்தெத் என்ற சொல்லின் பூர்வீகம் உனக்குத் தெரியுமா? 'வுவெஸ்த்ரா மெர்செத்', அதாவது 'தங்கள் கருணை'. பெரிய மனிதரை நேராக விளிக்க அஞ்சி அவருடைய கருணையை விளித்தார்கள். வாய்க்கு வாய் தேய்ந்து அது உஸ்தெத் ஆயிற்று. அதனால்தான் இன்றும் உஸ்தெத்துக்குப் படர்க்கை வினை வருகிறது. நம் ஆதீனங்களில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடமே "சந்நிதானம் உத்தரவிட்டால் செய்கிறேன்" என்பார்களே, அதே வித்தை. முன்னால் இருப்பவரை இல்லாதவராக்கிப் பேசுவது. இதில் மரியாதை எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று எந்தத் தராசில் நிறுப்பாய்?

அப்பர் சிவனை "அப்பன் நீ அம்மை நீ" என்றார். சிவனுக்கே தோழராக இருந்தவர் சுந்தரர். அவர் கண்ணிழந்து திருவாரூரில் வந்து நின்று, மனம் வெடித்துத் திட்டும்போது சொன்னது "வாழ்ந்து போதீரே". அந்த 'ஈர்' விகுதியில் இருப்பது பணிவு என்று எந்த உரைகாரரும் சொல்லமாட்டார். கடவுளைத் தள்ளி நிறுத்தித் திட்டுவதற்குத் தமிழில் பன்மைதான் வசதி. ஸ்பானிஷ்காரர்களும் ஜெபத்தில் கடவுளைத் 'தூ' என்றுதான் அழைக்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதே ஜெபத்தில் 'உம்முடைய' என்கிறார்கள். யாருக்குப் பக்தி அதிகம்? இன்னொரு பக்கம், கொலம்பியாவின் போகோட்டாவில் நெருங்கிய நண்பர்களும், ஏன், கணவன் மனைவியும்கூட ஒருவரையொருவர் உஸ்தெத் என்று அழைத்துக்கொள்வதுண்டு. ஒரு சொல்லுக்குள் மரியாதை உட்கார்ந்திருப்பதில்லை. அந்த ஊர் அதை எங்கே உட்கார வைத்திருக்கிறது என்று பார்க்கத்தானே இவ்வளவு தூரம் போனாய்?

பழக்கடை மூதாட்டிக்கு வருகிறேன். நிறத்தைப் பார்த்து நடத்துகிறவர்கள் அங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதை உன் தோல் உனக்குச் சொல்லும், நான் இங்கே உட்கார்ந்து சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த இடத்தில் அதைத் தேடாதே. அவர் உஸ்தெத் போடுகிற அந்த மற்றவர்களுக்கு என்ன வயது என்று கவனித்தாயா? 'ஈஹோ' என்றால் 'மகனே'. பழக்கடையில் ஒரு கிழவி இருபது வயதுப் பையனை மகனே என்றால் கீழவாசலில் இருந்து அதை எத்தனை முறை கேட்டிருப்பாய்? அந்த ஊரில் உன்னை மகனே என்று அழைக்கிற ஒரே ஜீவன் அவர். அவர்மேல் புகார் எழுதி எனக்கு அனுப்புகிறாய்.

உன் பேராசிரியரும் அந்தக் கிழவியும் இரண்டு வாசல்கள். இரண்டையும் சாத்திவிட்டு, டச்சுக்காரர்களோடு ஆங்கிலத்தில் உட்கார்ந்துகொண்டு மொழி வரவில்லை என்கிறாய். நீ இருக்கும் சலமாங்காவிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. அந்தக் காலத்தில் படித்தவர்களுக்கு ஒளிந்துகொள்ள லத்தீன் இருந்தது. அங்கே பாடம் சொன்ன லூயிஸ் தே லெயோன் என்ற துறவியின் வகுப்பறையைக் காட்டியிருப்பார்கள், பழைய முரட்டு மர இருக்கைகளோடு. சிறையிலிருந்து திரும்பி வந்து "நேற்று சொல்லிக்கொண்டிருந்தோமே" என்று பாடத்தைத் தொடர்ந்தார் என்ற கதையையும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கதையை விடு, நடந்ததோ இல்லையோ. 1572இலிருந்து 1576வரை அவரைச் சமய விசாரணைக்காரர்கள் எதற்காக அடைத்து வைத்தார்கள் என்று கேள். குற்றச்சாட்டுகளில் ஒன்று, விவிலியத்தின் உன்னதப்பாட்டை வீட்டு மொழியான காஸ்தீலியனில், அதாவது ஸ்பானிஷில், பெயர்த்தார் என்பது. லத்தீன் தெரியாத ஒரு கன்னியாஸ்திரீ படிப்பதற்காகச் செய்தது அது. படித்தவர்களின் மொழியைவிட்டு இறங்கி வந்ததற்கு அந்த மனிதர் அந்த விலை கொடுத்தார். நீ கொடுக்க வேண்டியது கொஞ்சம் வெட்கம் மட்டும்.

அந்த வெட்கத்தை நான் அறிவேன்.

1986இல் வங்கி வேலையில் என்னைச் சோலாப்பூருக்கு அனுப்பினார்கள். சென்னையிலிருந்து பம்பாய் போகும் ரயில் பாதையில், போர்வைக்குப் பேர்போன ஊர். எனக்கு மராத்தி ஒரு சொல்கூடத் தெரியாது. குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஒரு பாட்டி, ஒன்பது கெஜச் சேலை. எல்லாருக்கும் ஆஜி. அவளுக்கு மராத்தி தவிர வேறு எதுவும் தெரியாது. சோள ரொட்டியும் வேர்க்கடலைப் பொடியும் தட்டில் வைத்துவிட்டு, நான் திரும்பிச் சொல்லும்வரை தட்டை விடமாட்டாள். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து ஒருநாள், வங்கியில் எல்லார் முன்னாலும் பெருமையாக, "மீ கரீ ஜாதே" என்றேன். நான் வீட்டுக்குப் போகிறேன். மேலாளரிலிருந்து பியூன்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மராத்தியில் போகிறேன் என்பதை ஆண் 'ஜாதோ' என்பான், பெண் 'ஜாதே' என்பாள். நான் பாட்டியிடம் கற்றவன். மூன்று மாதமாகப் பெண்பாலில் பேசிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து ஆங்கிலத்துக்கு ஓடிவிட்டேன். ஆம், நீ இப்போது செய்வதுதான். வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. நான்கு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் ஆறு வயதுப் பேரனை என் எதிரில் உட்கார வைத்து, கையில் ஓர் அடிக்கோலையும் கொடுத்தாள். நான் 'ஜாதே' என்றால் அவன் முழங்காலில் அடிப்பான். பட்டதாரி, வங்கி ஊழியன், மாதச் சம்பளக்காரன், ஆறு வயதுப் பையனிடம் அடி வாங்கினேன். ஒரே வாரத்தில் ஆணாகிவிட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் கடைசிவரை வரவில்லை. மராத்தியிலும் 'தூ' என்றால் நீ, 'தும்ஹி' என்றால் நீங்கள். அந்த ஊரில் அம்மாவையும் பாட்டியையும் 'தூ' என்பதுதான் வழக்கம். நான் எங்கள் வீட்டில் அம்மாவையே 'நீங்கள்' என்று அழைத்து வளர்ந்தவன். ஆஜியைத் 'தும்ஹி' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "நான் என்ன உன் மேலாளரா?" என்று அவள் பலமுறை கேட்டாள். முதலில் சிரித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். எங்கள் ஊர்ப் பழக்கம் என்று நான் விளக்கம் சொன்னேன். உன்னைப் போலவே.

1989இல் மாற்றல் வந்தது. ரயில் நிலையத்துக்கு வேர்க்கடலைப் பொடிப் பொட்டலத்தோடு வந்திருந்தாள். ரயில் கிளம்பும்போது உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். 'காள்ஜி கே' என்றால் போதும், அந்த 'கே'யில் 'நீ' இருக்கிறது. எத்தனையோ முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் 'காள்ஜி க்யா' என்றுதான் வந்தது. பார்த்துக்கொள்ளுங்கள்.

"பரம், சாஹேப்" என்றாள். சரி, ஐயா.

மூன்று வருடத்தில் அவள் என்னை அப்படி அழைத்தது அன்று மட்டும்தான். மறு ஆண்டு அவள் மருமகள் எழுதிய அஞ்சலட்டை வந்தது. நான்கு வரி. அகராதி இல்லாமல் படித்தேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்பானிஷும் தமிழ்போலத்தான், வினைச்சொல்லே ஆளைக் காட்டிவிடும். உன்னைப் பயமுறுத்தும் அந்தத் 'தூ'வைச் சொல்லவே வேண்டாம். பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டி, ஒரு நிமிடம் இருக்கிறதா என்று கேள். 'தியேனே' என்றால் உஸ்தெத், 'தியேனெஸ்' என்றால் தூ. உனக்கும் அந்த அம்மையாருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு 'ஸ்'. இந்த வாரமே போய்க் கேள். கிழவியிடம் ஆரஞ்சு வாங்கும்போது விலைப் பலகையைக் காட்டாமல் வாயால் கேட்டு வாங்கு. தப்பாகத்தான் வரும். அவர் திருத்துவார், நீ நின்று கேள்.

தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுது, அதிலென்ன இருக்கிறது. இயற்கை தராததைச் சலமாங்கா தராது என்று அந்த ஊரைப் பற்றியே ஒரு லத்தீன் பழமொழி உண்டு, சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பதன் சகோதரன். ஜெர்மன் படிக்கச் சொல்லும் அப்பாவிடம் ஒன்றை மட்டும் தெரிவித்துவிடு. ஜெர்மனிலும் 'டூ' என்றும் 'ஸீ' என்றும் இரண்டு இருக்கின்றன. ஓடிப்போய்த் தப்பிக்க முடியாது.

கதவைத் தட்டிய அன்று எனக்கு எழுது. எனக்கு எழுதும்போது மட்டும் 'நீங்கள்' என்றே எழுது. நான் சலமாங்காவில் இல்லை.

அன்புடன்