“நீங்களே ரிசைன் பண்ணிடுங்க” என்று சொன்னால்

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் புரொபேஷன்தான். சம்பளம் 28,000 ரூபாய். நான்கு மாதக் கர்ப்பம் என்று மேனேஜரிடம் சொன்ன மறு வாரமே எச்.ஆர். போனில் கூப்பிட்டு, “பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை, நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, நல்ல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தர்றோம்” என்கிறார். கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா?

பதில்: நிற்கும், நீங்கள் ராஜினாமாவில் கையெழுத்துப் போடாத வரைக்கும். போட்டுவிட்டால், “அவராகவே போனார்” என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காகிதம் கிடைத்துவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்பதை அப்புறம் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அது சுலபமில்லை.

எல்லாமே போன் பேச்சாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அதனால் இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு வரி போதும்: “நான் நான்கு மாதக் கர்ப்பிணி. பிரசவத் தேதி இன்னது, மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். இன்ன தேதியில் போனில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு அந்த விருப்பம் இல்லை, தொடர்ந்து வேலை செய்கிறேன்.” கோபமோ சட்டப்பிரிவு எண்களோ வேண்டாம். உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போகட்டும். உங்கள் வேலையைப் பாராட்டி வந்த பழைய மெயில், வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஆறு மாதம் இல்லாத ‘பெர்ஃபார்மன்ஸ்’ குறை ஏழாம் மாதம் எங்கிருந்து முளைத்தது என்பதுதான் உங்கள் வழக்கே. ஒன்று, கம்பெனியின் கணக்குக் கோப்புகளை நகலெடுத்துவிடாதீர்கள். அதையே காரணமாக்கி வெளியே அனுப்புவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பலர் ‘பாகுபாடு’ என்றதும் அரசியலமைப்பின் 14, 16-ஆம் பிரிவுகளைச் சொல்வார்கள். அவை முக்கியமாக அரசைக் கட்டுப்படுத்துபவை, தனியார் கம்பெனிக்கு எதிராக நேரடியாகக் கைகொடுக்காது. உங்களுக்கு உதவுவது மகப்பேறு சட்டம். 1961-ல் வந்த அந்தச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. சாரம் மாறவில்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளம் உண்டு. நீங்கள் அந்த 80 நாளை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். கர்ப்ப காலத்தில் வேலையை விட்டு நீக்கினாலும் இந்தப் பணம் போகாது. பெரிய ஒழுங்கீனம் என்று எழுத்துமூலம் உத்தரவு போட்டால்தான் மறுக்க முடியும். சுமார் வேலை என்பது ஒழுங்கீனம் ஆகாது.

நீங்கள் கணக்குப் பிரிவு, கணக்குப் போட்டுப் பாருங்கள். 26 வாரம் என்றால் 182 நாள், ஏறத்தாழ 1,70,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துக் கொடுக்க முடியாது. கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில், வாரம் என்றால் ஏழு நாள்தான் என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புரொபேஷன் என்று பயப்படுகிறீர்கள். நீரா மாத்தூர் என்ற பெண்ணும் எல்.ஐ.சி.யில் புரொபேஷனில் இருந்தவர்தான். சேரும்போது கொடுத்த படிவத்தில் மாதவிலக்கு, கர்ப்பம் பற்றியெல்லாம் கேட்டிருந்தார்கள். மகப்பேறு விடுப்பு எடுத்த பிறகு, தவறான தகவல் தந்தார் என்று நீக்கினார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகளையே படிவத்திலிருந்து நீக்கவும் சொன்னது.

சரி, நிஜமாகவே நீக்கிவிட்டால்? உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். பிரசவம், வளைகாப்பு என்று நாள் ஓடிவிடும், தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். சம்பளம் 21,000-க்கு மேல் என்பதால் அநேகமாக நீங்கள் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்கமாட்டீர்கள். இருந்தால் பணம் அங்கிருந்து வரும். பே ஸ்லிப்பில் பிடித்தம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கடைசிக் கணக்கை முடிக்கக் கூப்பிட்டு, “இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை” என்ற தாளை நீட்டுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்துவிடுங்கள்.