பசி செத்துப்போனால்: மனச்சோர்வும் சாப்பாடும் – வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. இரண்டு மாதமாகச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். அவருக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தாலும் அப்படித்தான். என் சமையலில் குறையா?

உங்கள் சமையலில் ஒரு குறையும் இல்லை அம்மா. மனச்சோர்வு வந்தவர்களில் பலருக்குப் பசி செத்துவிடும், ருசியும் தெரியாது. "தவிடு தின்பதுபோல இருக்கிறது" என்று என்னிடம் ஒருவர் சொன்னார். ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறும் சமையல்காரர் அவர். உங்கள் கணவருக்குத் தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எடையும் குறைந்திருந்தால் சர்க்கரை, தைராய்டு, காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தட்டு நிறையப் போட்டு வற்புறுத்தாதீர்கள். மூன்று மணிக்கொரு முறை ஓர் இட்லி, ஒரு டம்ளர் மோர், பாதி வாழைப்பழம் போதும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். "இருந்து என்ன பயன்" என்பதுபோன்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

கேள்வி: மாத்திரையை விட்டுவிட்டு உணவாலேயே மனச்சோர்வைப் போக்கலாம் என்று ஒரு காணொலியில் சொன்னார்கள். உண்மையா?

தயவுசெய்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், நோயும் திரும்பலாம். இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் காட்டுவது ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வை. மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரம் உணவு ஆலோசனை தந்தார்கள். மறு பாதிக்குப் பேச்சுத்துணை தந்தார்கள். காய்கறி, பயறு, முழுதானியம், மீன் கூடின; இனிப்பும் பொரித்த பண்டமும் குறைந்தன. உணவை மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நோயிலிருந்து மீண்டார், மறு பாதியில் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். எனக்கும் நம்பிக்கை தரும் ஆய்வுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மாத்திரையோ உளவியல் சிகிச்சையோ எடுத்துவந்தவர்கள் என்பதைக் காணொலிக்காரர்கள் சொல்வதில்லை. ஆய்வும் சிறியது. ஆகவே மாத்திரையோடு சேர்த்தே உணவையும் மாற்றுங்கள். அந்த ஆய்வின் உணவில் இருந்த ஆலிவ் எண்ணெயைத் தேடி அலைய வேண்டாம். கொள்ளு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, மத்தி மீன், ஒரு பிடி நிலக்கடலை என்று நம் அடுக்களையிலேயே எல்லாம் இருக்கின்றன.

கேள்வி: இரவு பதினொரு மணிக்கு மனம் கனத்து, மிக்சரும் லட்டும் தேடுகிறேன். என்ன செய்வது?

மனச்சோர்வில் சிலருக்குப் பசி கூடவும் செய்யும். உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். பகல் சாப்பாட்டைத் தவறவிடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள், பல நேரம் அதுதான் காரணம்.

கேள்வி: மனச்சோர்வு வராமலிருக்க வைட்டமின் டி மாத்திரை போடலாமா?

அதற்காக வேண்டாம். அமெரிக்காவில் 50 வயது கடந்த 18,000க்கும் மேற்பட்டோரிடம் சுமார் ஐந்து ஆண்டுகள் சோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவில் பயன் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் மட்டும் மருத்துவர் சொல்படி எடுங்கள்.

கேள்வி: வயது 58, சைவம். எட்டு ஆண்டாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். எப்போதும் சோர்வு, அழுகை, பாதம் மரத்துப்போகிறது.

உங்களுக்கு வைட்டமின் பி12 பரிசோதனை அவசியம். பி12 இயற்கையாகக் கிடைப்பது அசைவத்திலும் பால், தயிரிலும்தான். மெட்ஃபார்மின் அதை உடலில் சேரவிடாமல் குறைக்கும். குறைந்தால் நரம்பும் மனமும் சேர்ந்தே வாடும். பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விழுங்கிவராதீர்கள். ரத்தசோகை சரியானதுபோலத் தோன்றும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்.