ஹேங்கருக்குள் எதைப் பார்ப்பது?

கேள்வி: நான் பங்கு வைத்திருக்கும் ஹோல்டிங் கம்பெனியிடம் விமானம் சார்ந்த மூன்று தொழில்கள் இருக்கின்றன. சிறு சரக்கு விமானங்கள் ஓட்டுகிறார்கள், பழைய இன்ஜினைப் பிரித்து உதிரிபாகம் விற்கிறார்கள், விமானத்தின் மேல் படியும் பனியை அகற்றும் வண்டி தயாரிக்கிறார்கள். முதலீட்டாளர்களையும் ஆலோசகர்களையும் ஹேங்கருக்கு, அதாவது விமானத்தை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகைக்கு, கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டப்போகிறார்களாம். விமானத்தில் பயணம் செய்ததைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. போனால் எதைப் பார்ப்பது?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் விமானத்தைப் பார்க்காதீர்கள். கிண்டல் இல்லை. விமானப் பராமரிப்பில் தரச் சோதனை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இப்படி விருந்தாளிகள் வரும்போது காட்டுகிற பக்கத்தில் நின்றிருக்கிறேன். முந்தின நாளே தரை பளபளக்கும், எல்லோருக்கும் புது மஞ்சள் ஜாக்கெட் வரும். பெரிய இன்ஜின் விசிறிக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுப்பதிலேயே பாதி நேரம் ஓடிவிடும்.

நீங்கள் ஸ்டோரைக் காட்டச் சொல்லுங்கள். உதிரிபாக வியாபாரத்தில் சரக்கு என்பது பாதி உலோகம், பாதி காகிதம். விமானம் ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள். பயணிகள் விமானங்களில் இருக்கும் சிஎஃப்எம்56 என்ற இன்ஜினின் உள்பகுதியில் சுழலும் டிஸ்குகளுக்கு (வட்டத் தட்டுகளுக்கு) சுமார் 20,000 சைக்கிள்தான் ஆயுள். அந்த டிஸ்க் பிறந்த நாளிலிருந்து எந்த இன்ஜினில், எத்தனை சைக்கிள் ஓடியது என்ற பதிவு முழுதாக இருந்தால்தான் விலை. நடுவில் ஒரு தாள் காணோம் என்றால், பார்வைக்குப் புதுசு போல மின்னினாலும் எடைக்குத்தான் போடவேண்டும். 2023-இல் ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற லண்டன் நிறுவனம் போலிச் சான்றிதழோடு பாகங்கள் விற்றது வெளிவந்தபோது, பல நாட்டு விமான நிறுவனங்கள் இன்ஜினை இறக்கி அந்தப் பாகங்களைக் கழற்ற வேண்டியதாயிற்று.

ஒருமுறை எங்களிடம் வந்த கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் மட்டும் போட்டோ பக்கமே போகவில்லை. அலமாரியில் ஒரு பாகத்தில் கட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது இங்கே வந்து எத்தனை மாசம் ஆகுது தம்பி?” என்றார். பதினொரு மாதம். பக்கத்தில் நின்ற மேனேஜருக்கு முகம் மாறிவிட்டது. பணம் அலமாரியில் தூங்குவதை அந்த அம்மா அரை நிமிஷத்தில் பிடித்துவிட்டார். நீங்களும் அதையே கேளுங்கள்.

சரக்கு விமானத் தொழிலில் விமானம் யாருடையது, எரிபொருள் செலவு யார் தலையில், ஒரே வாடிக்கையாளரை நம்பித்தான் ஓடுகிறதா என்று கேட்டால் போதும். பனி அகற்றும் வண்டிக்கு மாதத்தைப் பாருங்கள். குளிர்காலத்துக்கு முன்னால் பரபரக்கும் தொழிற்சாலை, பனி உருகியபின் காற்று வாங்கும். அதைப் பார்த்துப் பயந்து பங்கை விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: கூடவே விவரம் தெரிந்த ஆலோசகர்கள் வருகிறார்களே, அவர்கள் பார்த்துச் சொல்லமாட்டார்களா?

பதில்: அந்த ஆலோசகர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், விவரம் தெரிந்தவர்களும் சறுக்குவார்கள். பேர்பெற்ற அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் 2016-இல் பிரிசிஷன் காஸ்ட்பார்ட்ஸ் என்ற விமான உதிரிபாக நிறுவனத்தைச் சுமார் 3,200 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது அதன் மதிப்பில் 980 கோடி டாலர் குறைத்து எழுதினார்கள். அதிக விலை கொடுத்துவிட்டேன் என்று பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அவருக்கு ஆலோசகர் கிடைக்காமலா போனார்?

சரி, இன்னொன்று. போகும்போது சட்டைப்பையில் பேனா வேண்டாம். காணாமல்போன ஒரே ஒரு பேனாவைத் தேடி, வேலையை நிறுத்திவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு இன்ஜினுக்குள் தலையை நீட்டியிருக்கிறோம்.