அருவியும் குடமும்

அன்புள்ள ஐயா,

எதிர்ப்பொருள் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். சாதாரணப் பொருள் போலத்தானாம், மின்னேற்றம் மட்டும் நேரெதிராம். அதில் ஒரு கிராம், சாதாரணப் பொருளோடு சேர்ந்து அழிந்தால் கோடிக்கணக்கான யூனிட் மின்சாரமாம். பிறகு கூடங்குளம் எதற்கு? பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் ஏன் மிச்சமில்லை? இதையெல்லாம் தமிழில் எழுத ஆளே கிடையாதா?

ம., வள்ளியூர்

அன்புள்ள ம.,

எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள்தான் காணொளி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏன் மிச்சமில்லை என்பதற்கு இயற்பியலாளர்களிடமே முழு விடை இல்லை, அதை விடுங்கள்.

கணக்கு சரிதான். கிராமுக்குக் கிராம் அழிந்து, அத்தனையும் மின்சாரமானால் சுமார் 5 கோடி யூனிட். கூடங்குளத்தின் ஒரு 1000 மெகாவாட் உலை இரண்டு நாள் முழுவீச்சில் ஓடினால் வருவது. ஆனால் அந்த ஒரு கிராமை எந்த மலையில் வெட்டி எடுப்பீர்கள்?

பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரம் எடுக்கிறோம். வெயிலும் மேகமும் தண்ணீரைப் பொதிகைக்கு ஏற்றிவிடுகின்றன. நாம் கீழே டர்பைனை வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். அதுதான் ஆதாரம். எதிர்ப்பொருள் அப்படியில்லை. நாமே மின்சாரம் செலவழித்து உண்டாக்கவேண்டும். குடத்தில் மொண்டு, தலையில் வைத்து, நாமே பொதிகைக்குச் சுமக்கவேண்டும். அதுவும் ஓட்டைக்குடம். ஜெனீவா பக்கத்து துகள் ஆய்வுக்கூடமான செர்ன் இதுவரை உண்டாக்கியது முழுவதையும் திரட்டி அழித்தாலும் ஒரு பல்பு சில நிமிடம் எரியும், அவ்வளவுதான். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் காட்டி 'எங்கள் மின்நிலையம்' என்பீர்களா? படித்த பிள்ளை, ஆதாரத்துக்கும் சேமிப்புக்கும் வித்தியாசம் தெரியவேண்டாமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் எங்கள் ஆச்சியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன் ஆச்சிக்கு பெட் ஸ்கேன் எடுத்தோம். சர்க்கரைபோல ஒரு மருந்து, அதில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள். அதிலிருந்து வருவது பாசிட்ரான், எலக்ட்ரானின் எதிர்த்துகள். 1932-ல் ஆண்டர்சன் காஸ்மிக் கதிர்களில் கண்ட அதே எதிர்ப்பொருள். உடம்புக்குள் கொஞ்ச தூரம் போய் ஆச்சியின் எலக்ட்ரான் ஒன்றில் முட்டும். இரண்டும் இல்லாமலாகி, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமா கதிர்கள் கிளம்பும். அதைப் பிடித்துத்தான் படம் வரைகிறார்கள். அந்த ஃபுளோரினைச் செய்ய சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கியில் எவ்வளவு மின்சாரம் போயிற்றென்று அன்று எங்களில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

சாயங்காலம்வரை குழந்தையைத் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் சங்கதி அது. வீட்டுக்கு வந்ததும் கொள்ளுப்பேத்தி நடை வாசலிலேயே கையை நீட்டிவிட்டாள். ஆச்சி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பின்வாங்கினாள்.

"ஏலே, தொட்டா பிள்ளைக்குச் சுட்டுருமோ?"

"சுடாது ஆச்சி. உங்க உடம்புலேர்ந்து ஒரு வெளிச்சம் வருது, கண்ணுக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ இந்த மாசம் கரண்டு பில்லு மிச்சந்தாம்ல."

சிரித்தாளே தவிர, விளக்கு வைக்கும்வரை முந்தானையிலிருந்து கையை எடுக்கவில்லை.