நில அளவையாளர்களின் சர்வதேச அமைப்புகளால் நம் ஊர் சர்வேயருக்கு ஏதாவது பயன் உண்டா?

டிப்ளமோ முடித்துவிட்டு சர்வே வேலைக்கு வரலாமா என்று யோசிக்கிறவர்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். நான் தண்டையார்பேட்டையில் தனியாராக அளந்து பிழைப்பவன். எந்த மாநாட்டுக்கும் போனதில்லை. இருந்தாலும் பயன் உண்டு என்றுதான் சொல்வேன்.

எஃப்.ஐ.ஜி. என்ற சர்வேயர்களின் உலகக் கூட்டமைப்பு 1878-ல் பாரிஸில் தொடங்கியது. காமன்வெல்த் நாடுகளுக்கான சங்கம் 1969-ல் வந்தது. 1794-லேயே சர்வே பள்ளி கண்ட ஊருக்கு, அதுதான் பின்னால் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆனது, வெளியூர்க்காரன் பாடம் எடுப்பதா என்று சிலர் கிளம்புவார்கள். பெருமைதான். ஆனால் அது கும்பெனிக்கு அளக்க ஆள் தயார் செய்த பள்ளி.

காசிமேடு பக்கம் ஒரு வரிசை வீடுகள். மனை ஓர் அறக்கட்டளையுடையது, கட்டடம் குடியிருப்பவர்களுடையது. தலைமுறையாக அடிமனை வாடகை கட்டுகிறார்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் மொத்தத்துக்கும் ஒரே சர்வே எண், உட்பிரிவு கிடையாது. "அளந்து குடு தம்பி" என்றார்கள். யார் பெயரில் அளப்பது?

அப்போது கைகொடுத்தது எஃப்.ஐ.ஜி.யும் உலக வங்கியும் 2014-ல் வெளியிட்ட கையேடு. தேவைக்கு ஏற்ற துல்லியம் போதும், முதலில் எல்லோரையும் பதிவுக்குள் கொண்டு வா, மெருகேற்றுவதைப் பிறகு பார்க்கலாம் என்கிறது அது. ஐ.நா. வாழ்விட அமைப்போடு சேர்ந்து எஸ்.டி.டி.எம். என்ற இலவச மென்பொருளும் உருவாக்கியிருக்கிறார்கள். உகாண்டாவில் ம்பாலே நகரத்துக் குடிசைப் பகுதிகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். உரிமையாளர் யார் என்று மட்டும் கேட்காமல், யார் இருக்கிறார், எந்த முறையில் இருக்கிறார், கையில் என்ன காகிதம் என்று எல்லாவற்றையும் வரைபடத்தோடு சேர்த்துப் பதியலாம்.

வாடகை ரசீது, இபி அட்டை, ரேஷன் கார்டு என்று வீடு வீடாக வாங்கிப் படம் எடுத்தேன். ஓர் ஆயா, "ரசீது இன்னும் செத்துப்போன மன்சன் பேர்லதான் வருது, என் பேர எங்கப்பா எழுதுவ?" என்றார். அந்த மென்பொருளில் எழுத இடம் இருந்தது.

இந்தப் பதிவு பட்டா ஆகாது என்று வக்கீல் நண்பர்கள் கீழே சண்டைக்கு வர வேண்டாம். எனக்கும் தெரியும், குடியிருப்பவர்களிடமும் அப்படி எழுதியே கொடுத்தேன். ஆனால் அறக்கட்டளைக்காரர்களோடு பேச உட்கார்ந்தபோது யாருக்கு எவ்வளவு இடம் என்ற தகராறு எழவில்லை.

சிங்கப்பூரில் பதிவு பெற்ற தனியார் சர்வேயர் எடுத்த எல்லை அளவையை அரசு சரிபார்த்து ஏற்றுக்கொள்கிறது. இங்கே? எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு, வீடுகளெல்லாம் பள்ளத்தில் போய்விட்டன. ஒரு மழைக்கே தண்ணீர் உள்ளே வருகிறது. ஆட்டோ லெவல் என்ற கருவி வைத்து உயர மட்டம் எடுத்துக் காட்டினேன். "நீங்க கவர்மெண்ட் சர்வேயரா?" என்றார் காண்டிராக்டர். பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதையேதான் கேட்டார்கள்.