பதவி உயர்வில் பாகுபாடு: மேன்முறையீட்டுக்குப் பதில் வரும்வரை பொறுத்திருக்கலாமா?

பொறுத்திருக்காதீர்கள். கொழும்பில் அரச திணைக்களம் ஒன்றில் வேலை செய்கிறீர்கள், தமிழர் என்பதால் பதவி உயர்வில் ஒதுக்கிவிட்டார்கள், செயலாளருக்கு மேன்முறையீடு அனுப்பியிருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதில் வருமுன்பே நீதிமன்றத்தில் மனுப்போடும் காலக்கெடு முடிந்துவிடக்கூடும்.

அரசியலமைப்பின் 126(2)ஆம் உறுப்புரைப்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச்சேர வேண்டும். முடிவு உங்களுக்குத் தெரியாமல் இருந்தால், தெரிய வந்த நாளிலிருந்து கணக்கு. அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. கடிதம் வந்த உறையையும் எறியாதீர்கள், தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறது. மேலதிகாரிக்கோ அமைச்சுக்கோ முறையிடுவதால் இந்தக் கெடு நிற்காது என்று 1988இலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பலர் தவறவிடுவது இங்கேதான்.

கெடுவை நிறுத்தச் சட்டம் தரும் வழி மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1)ஆம் பிரிவுப்படி, அதே ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஆனால் முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். விசாரணை உண்மையில் நடந்ததா என்று உயர் நீதிமன்றம் ஆதாரம் கேட்ட வழக்குகள் உண்டு. ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் கோவையில் வையுங்கள். என்னைக் கேட்டால், முறைப்பாட்டையும் கொடுத்து, மாதம் முடியுமுன் புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் மனுவையும் போடுவதுதான் புத்தி.

நேர்முகப் பரீட்சைப் புள்ளிகளைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் இன்றே கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவே திணைக்களத்துக்கு 14 வேலை நாள் இருக்கிறது, வார இறுதியும் போயாவும் சேர்ந்தால் மாதத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே அதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டாம்.

மனுவோடு சத்தியக்கடதாசி, மறுப்புக் கடிதம், ஆட்சேர்ப்புத் திட்டம் எல்லாம் போக வேண்டும். உங்களுக்குப் பதிலாகத் தெரிவானவர்களையும் பிரதிவாதிகளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்களை விட்டுவிட்டால் எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் ஆட்சேபனையே அதுதான். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், ஆனால் கடைசி வாரத்தில் அல்ல.

தனியார் கம்பனியில் இருப்பவர்களுக்கு இந்த மனு பொருந்தாது, 126 அரச நிர்வாகச் செயலுக்கு மட்டுந்தான். வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் அவர்களுக்குத் தொழில் நியாய சபை இருக்கிறது. அங்கே காலக்கெடு வேறு.