கேள்வி-பதில்: குதிகால் கட்டாத பழைய ஸ்கீ

கேள்வி: ஒஸ்லோவில் ஒரு பழம்பொருள் கடையில் மர ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, வாங்கினேன். நோர்வேயின் பனிச்சறுக்கு முன்னோடி சோன்ட்ரே நோர்ஹெய்ம் காலத்தது, 1870 என்று சொல்லி நல்ல விலை வாங்கிவிட்டார்கள். பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்க மூன்று முள் வைத்த இரும்புப் பிடி இருக்கிறது. உண்மையா?

பதில்: இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். தன் ஊரான மோர்கெடாலில் நோர்ஹெய்ம் சறுக்கியபோது, குதிகால் எழும்ப இடம்விட்டு, முறுக்கிய மிலாறுக் குச்சியைத்தான் அதைச் சுற்றிக் கட்டினார். மூன்று முள் பிடி 1927-இல் ப்ரோர் வித் என்பவர் கொண்டுவந்த ரொட்டெஃபெல்லா என்ற பிடியோடு வந்தது. பிடியைப் பிற்பாடு மாற்றியிருக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். சரி, அப்படியானால் பாதம் நிற்கும் இடத்தில் வார் நுழைக்கப் பலகையின் பக்கவாட்டில் குடைந்த துளை இருக்க வேண்டும், அடைத்திருந்தாலும் தெரியும். அது இல்லையென்றால் படத்தோடு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். எனக்கும் இப்படி ஒரு ஜோடியைத் தலையில் கட்டினார்கள். வெளியே கருஞ்சாயம், திருகாணித் துளைக்குள் மட்டும் மரம் புத்தம் புதுசு. ஒரு திருகையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டியிலேயே 25 வருடம் இருந்த பிளாஸ்டிக் பூட்ஸ், மலிவு. போட்டுச் சறுக்கலாமா?

பதில்: கூடாது. பிளாஸ்டிக்கும் பசையும் பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போகும்.

கேள்வி: அப்பா 1980-களில் நோர்வே வந்து வாங்கிய பழைய மர ஸ்கீயும் தோல் பூட்ஸும் இருக்கின்றன. பிடியைக் கழற்றி, தேய்த்து, வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டலாமா? பூட்ஸைத் தூக்கி எறிந்துவிடலாம்தானே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இந்த வார்னிஷ் வேலையால் எத்தனையோ நல்ல ஜோடிகள் வெறும் அலங்காரப் பலகையாகிவிட்டன, பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. குதிகாலைத் தூக்கிச் சறுக்கிய வரலாறு பலகையில் இருப்பதைவிடப் பிடியிலும் பூட்ஸிலும்தான் அதிகம் இருக்கிறது. பெயர் பெற்றவர்களின் ஸ்கீயை 1923 முதல் இருக்கும் ஒஸ்லோவின் ஹோல்மென்கொல்லன் ஸ்கீ அருங்காட்சியகம் மாதிரி இடங்கள் காப்பாற்றும், நம் வீட்டுச் சாமானை யார் காப்பாற்றுவது? 1970-களில் அமெரிக்காவின் கொலராடோவில், கிரெஸ்டட் பியூட் ஊரில் குதிகாலைத் தூக்கித் திரும்பும் இந்த டெலிமார்க் திருப்பத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களிடம் இருந்ததும் ஒல்லிப் பலகையும் தோல் பூட்ஸும்தான்; 1992-இல் ஸ்கார்பா டெர்மினேட்டர் என்ற பிளாஸ்டிக் பூட்ஸ் வந்தபிறகு தோல் மெல்ல ஒதுங்கியது. அப்பாவின் பூட்ஸில் விரல்களுக்கு மேலே குறுக்காக ஒரு மடிப்பு இருக்கும், ஒவ்வொரு முறை குதிகால் எழும்பியபோதும் ஆழமான மடிப்பு அது, அதைக் குப்பையில் போடவா? உலர்ந்த துணியால் துடையுங்கள். அடிப்பக்கத்துக்குப் பைன் தார் போதும். இரண்டு பலகையையும் அடியோடு அடி சேர்த்து, நடுவில் சின்ன மரக்கட்டை கொடுத்து, இரு முனையிலும் கட்டி, ஹீட்டருக்குத் தள்ளி வையுங்கள். அப்புறம் எங்கே வாங்கினார், எந்த மலையில் போனார் என்று அப்பாவிடமே கேட்டு ஒரு அட்டையில் எழுதிச் சேர்த்துக் கட்டுங்கள்.

கேள்வி: பழைய 75 மி.மீ. மூன்று முள் பிடி வாங்கினேன். என் புது என்.டி.என். (நியூ டெலிமார்க் நார்ம் என்ற புது வகை) பூட்ஸ் பொருந்தவில்லை. குறையுள்ள பொருளா?

பதில்: பொருளில் குறையில்லை. அந்தப் பிடிக்கு பூட்ஸின் முனையில் வாத்து அலகு மாதிரி நீண்ட தட்டை வேண்டும், அடியில் மூன்று துளையும் வேண்டும். என்.டி.என். பூட்ஸில் பெரும்பாலும் அது கிடையாது. வாங்கும் முன் பூட்ஸைத் திருப்பிப் பார்க்காதது உங்கள் அவசரம், விற்றவரைத் திட்டாதீர்கள். பிடியை அறுத்து மாற்றவும் வேண்டாம், தோல் பூட்ஸ் வைத்திருப்பவருக்கு விற்றுவிடுங்கள்.